எழுபத்திமூன்றாம் ஆண்டுக் கொலர்

இந்தக் கொலர் என்னைவிட ஆறு வயது மூப்பு.
கணக்கு என்னுடையதுதான்,
மறுக்க யாரும் வரவில்லை.
மத்திய வீதிப் பழைய உடுப்புக் கடையில்
பொதி உடைக்கிற செவ்வாய்க்கிழமை
முந்நூறு ரூபாய்க்கு எடுத்தேன்.
வேட்டை நாயின் காதுபோல அகலம்,
கழுத்தடியில் ஒரு தெறி இல்லை.
உள்ளே எந்த நாட்டு எழுத்தோ,
எனக்கு விளங்கியது அளவு மட்டும்.

நீர்வழங்கல் சபைக் கவுண்டரில்
பில் கட்ட வருகிறவர்கள்
முதலில் கொலரைப் பார்க்கிறார்கள்,
பிறகுதான் முகத்தை.
"நாடகம் ஏதும் போடுறீங்களோ மிஸ்?"
கேட்டவருக்கு மிச்சக் காசை
இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன்.

உன் பதினாறு வயதில் என்ன ஃபஷன் என்று
பக்கத்து மேசைச் சாந்தரூபி கேட்டாள்.
அவள் பிறந்தது வேறொரு திருகோணமலையில்.
யோசித்துப் பார்த்தேன்.
சாம்பல்.
தோய்த்துத் தோய்த்து மங்கின நீலம்.
சென்றிக்காரனின் கண்
பிடிக்க இடமில்லாமல் வழுக்கிப் போகிற துணி.
பொக்கற் இருந்தால் உள்ளே என்ன என்பான்,
ஆகையால் பொக்கற் இல்லை.
மிக நேர்த்தியாகத்தான் உடுத்தினோம்:
எங்களை எவருக்கும்
ஞாபகம் இராத அளவுக்கு.

அந்தப் பத்தாண்டில் எனக்கென்று
எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.
அதற்கு முந்தியவற்றில் கைவைத்தேன்.
நான் வாழாத வருடங்கள்,
ஏக்கமும் இல்லை, கூச்சமும் இல்லை,
ஆளில்லா வளவில் மாங்காய் பறிக்கிற மாதிரி.

முதலில் பேராசை.
பெல்பொட்டம், மேலே பூப்போட்ட நைலோன்,
தட்டளவு கறுப்புக் கண்ணாடி,
எல்லாம் ஒரே நாளில்.
உட்துறைமுக வீதியில்
காற்சட்டை விளிம்பு சைக்கிள் செயினுக்குள் போக
ஒரு மீன் லொறிக்கு முன்னால் விழுந்தேன்.
முழங்காலில் ஐந்து தையல்.
கட்டிலில் கிடந்த கிழமைதான் விளங்கியது:
ஒரு காலத்தை முழுசாக உடுத்தினால்
அது மாறுவேடம்.
கொலரை மட்டும் எடு.
மிச்சத்தை அந்தக் காலத்திடமே விட்டுவிடு.

பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்தது.
ஐம்பதுகளின் ஒடுங்கிய இடுப்பு
(சோறு தின்ற பின் ஒரு கொக்கி தளர்த்தலாம்).
படகு வடிவக் கழுத்து ஒன்று, அறுபதுகளினது.
எண்பதுகளின் தோள்பட்டை சரிவரவில்லை,
அலுவலகக் கதவில் இரண்டு பக்கமும் இடித்தது.
மணிக்கூடு ஆண்களுடையது, சாவி கொடுக்கிறது,
ஏன் பிடிக்கும் என்று எனக்கே தெரியாது.

பஸ் நிலையத்தடியில்
வாழைப்பழத் தோலுக்கு நிற்கின்றன மான்கள்.
எந்த வருடமும் அதே புள்ளி,
அதே மண்ணிறத்தில் அதே வெள்ளை.
ஊர் முழுவதும் சாம்பலுக்குள் ஒளிந்த நாளிலும்
இவை புள்ளி போட்டுக்கொண்டே
சாவடியைக் கடந்தன.
ஒன்றையும் இறங்கச் சொல்லவில்லை.
அப்போது பொறாமையாக இருந்தது.
இப்போது வெள்ளைப் புள்ளிச் சேலை
இரண்டு வைத்திருக்கிறேன்.

ஜமாலியாவில் ஹினாயாதான் எனக்குத் தைக்கிறாள்.
வாயில் ஊசி, மடியில் பிள்ளை, ஃபோனில் யாரோ.
எந்தச் சட்டை கொண்டுபோனாலும்
நான் சொல்வது ஒன்றுதான்:
பொக்கற் வை, இரண்டு பக்கமும், ஆழமாக.
"அப்பிடி என்னத்தத்தான் உள்ளுக்கு வைக்கப் போறீங்க?"
"ஒண்டுமில்லை."
"ஒண்டுமில்லாததுக்கு இவ்வளவு துணியா!"
என்றாலும் வைத்துத் தருவாள்,
கை மணிக்கட்டுவரை போகிற ஆழத்தில்.

டச்சுக்குடாவில் ஐந்தரை மணிக் காற்று
கொலரைத் தூக்கி என் கன்னத்தில் அடிக்கிறது.
ஒரு பொடியன் பார்க்கிறான்,
திரும்பியும் பார்க்கிறான். பார்க்கட்டும்.
இரண்டு கையும் பொக்கற்றுக்குள்.
எடு என்று சொல்ல ஒருவரும் இல்லை.
உள்ளே என்ன என்று கேட்டால்
இன்றைக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது:
இல்லாத தெறிக்குப் பதிலாக வாங்கிய தெறி.
நிறம் சேரவில்லை.
எப்படியும் தைத்துவிடுவேன்.